வேருக்கு ருசி தெரியுமா?

ஆனி மழை பிடித்ததிலிருந்து வரும் கேள்விகளில் பாதி யூரியாவைப் பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

திருவட்டாறிலிருந்து: நேந்திரன் வாழைக்கு யூரியா வைத்த நான்காம் நாளே விடாத மழை. எல்லாம் போய்விட்டதா?

எல்லாம் போயிருக்காது. அந்த நாலு நாள்தான் உங்களைக் காப்பாற்றியது. யூரியா அப்படியே இருக்கும்போது நீரோடு ஓடிவிடும். மண்ணில் சில நாள் கிடந்தால் அம்மோனியமாகும். அதற்கு நேர்மின் சுமை, களித்துகளுக்கு எதிர்மின் சுமை, பிடித்துக்கொள்ளும். அப்புறம் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டும் எதிர்மின் சுமை என்பதால் களி அதைப் பிடிப்பதில்லை, மழை இழுத்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்ததும் இலையைப் பாருங்கள். அடி இலைகள் வெளிறினால் மட்டும் கொஞ்சம் வையுங்கள்.

வைத்த அன்றிரவே கொட்டினால் கதை வேறு. எனக்கு நடந்திருக்கிறது. சாயங்காலம் விளை (மேட்டுத் தோட்டம்) முழுக்கத் தூவினேன், விடிய விடிய மழை. ஒரு மாதம் கழித்து வாழை வெளிறியே நின்றது. கீழே ஓடை வரம்பில் புல் மட்டும் கருகருவென்று வளர்ந்திருந்தது.

குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நைட்ரேட் இருப்பது வேருக்கு எப்படித் தெரியும்?

வாயே நாக்காகவும் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. வேர்ச் செல்லின் சவ்வில் நைட்ரேட்டை உள்ளே இழுக்கும் என்.ஆர்.டி.1.1 என்றொரு புரதம் உண்டு. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் 1993இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பிடித்த வழி அழகானது. குளோரேட்டை நைட்ரேட் என்று நம்பி உறிஞ்சும் செடி செத்துப்போகும். இந்தப் புரதம் பழுதான செடி பிழைத்துக்கொள்ளும்.

நைட்ரேட் சும்மா உள்ளே வராது. செல் முதலில் ஏடிபி என்ற தன் எரிசக்தி மூலக்கூறைச் செலவழித்து புரோட்டான்களை (நேர்மின் சுமையுள்ள ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி நுழையும்போது நைட்ரேட்டும் கூடவே தொற்றிக்கொண்டு வரும். வாழைத் தடத்தில் நீர் கட்டினால் உரம் இருந்தும் செடி வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: வேருக்கு மூச்சுமுட்டினால் ஏடிபி ஏது?

மண்ணில் நைட்ரேட் குறைந்தால், புரதத்தின் 101ஆவது இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏறும். உடனே அதே வாய், மிக நீர்த்த கரைசலிலிருந்தும் பொறுக்கியெடுக்கும். நிறைய இருந்தால் பாஸ்பேட் இறங்கிவிடும். 2009இல் இன்னொன்றும் தெரிந்தது: உறிஞ்ச முடியாதபடி மாற்றப்பட்ட புரதம்கூட நைட்ரேட்டை உணர்ந்து மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பியது. ஆக, ருசி பார்ப்பது தனி வேலை.

ஈத்தாமொழியிலிருந்து: தென்னைக்கு ஒரு பக்கம் மட்டும் உரம் வைத்தால் போதுமா?

செடிகள் ஓரளவு சமாளிக்கும். அராபிடாப்சிஸில் பட்டினி கிடக்கும் வேர் ஒரு சிறு பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டை) தண்டுக்கு அனுப்புகிறது. தண்டு, உரம் கிடைக்கும் பக்கத்து வேரை இன்னும் அதிகம் உறிஞ்சச் சொல்கிறது. பார்லியிலோ நைட்ரேட் உள்ள இடத்தில் மட்டும் பக்கவேர் புதராக முளைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்காகத் தென்னையை ஏன் சோதிக்க வேண்டும்? அதற்கு ஆணிவேரும் இல்லை, வேர்த்தூவியும் இல்லை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வரை தடமெடுத்து, முழுவட்டமும் வைத்து மண்ணால் மூடுங்கள். கடலோர மணலில் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வைப்பதே புத்தி.

சுசீந்திரத்திலிருந்து: கன்னிப்பூ (முதல் போக) நெல்லுக்கு நைட்ரேட் உரம் போடலாமா?

நீர் நிற்கும் ஏலாவில் (வயல்வெளியில்) வேண்டாம். காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். நெல்லுக்கு அங்கே அம்மோனியமே முக்கியச் சாப்பாடு. யூரியா போதும், பிரித்துப் போடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: சாணத்து நைட்ரேட்டும் மூட்டை நைட்ரேட்டும் ஒன்றா?

வேருக்கு ஒன்றுதான். மண்ணுக்கு ஒன்றல்ல, மட்கிய சாணம் மெதுவாகக் கொடுக்கும், மணலுக்கு ஈரம் நிற்கும்.