ஜப்பானியர் ஆட்சிக் கால மலாயாத் தோட்டத்தைக் குறைந்த செலவில் படமாக்குவது எப்படி?

1942 முதல் 1945 வரை ஒரு ரப்பர் தோட்டம், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு தமிழ்க் குடும்பம், கையில் சின்ன பட்ஜெட், பட்டாளத்தைக் காட்டப் பணமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டாளம் வேண்டியதே இல்லை. தோட்டத்துக்குள் ஜப்பானியச் சிப்பாய் எந்நேரமும் நின்றுகொண்டிருக்கவில்லை. உத்தரவு பெரும்பாலும் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா), மண்டோர் (மேற்பார்வையாளர்) வாய் வழியாகத்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று சீருடை போதும், ஆனால் அளவெடுத்துத் தைத்தவையாக இருக்கட்டும். வாடகைக்கு வரும் 'பொதுவான போர்க்கால' உடையை முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதிகாரி தமிழ் பேசவே வேண்டாம். அவர் ஜப்பானியத்தில் கத்த, ஒருவர் மலாயில் சொல்ல, கிராணி அதைத் தமிழில் பாதியாகச் சொல்லட்டும். ஜப்பானிய வசனத்துக்குத் திரையில் மொழிபெயர்ப்பு எழுத்து போடாதீர்கள். என்ன சொன்னான் என்று தெரியாமல் நிற்பவர்களின் பயம் பார்ப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சிறு பொருள்களில்தான் காசைப் போட வேண்டும். முதலில் கடிகாரம். ஜப்பானியர் மலாயாவை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியதில் முள் ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. அதனால் பொழுது விடியவே 8 மணி ஆகிவிடும். ஆபீஸ் சுவரில் ஆறரை காட்ட, ஜன்னலில் வெயில் அடித்தால் தப்பு. அறிவிப்புத் தாளில் 1942 என்று போடாமல், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602 என்று போடுங்கள்.

அடுத்தது வாழைமர நோட்டு, அதாவது ஜப்பானியர் மலாயாவில் வெளியிட்ட பணம். வாழை படம் 10 டாலரில்தான் இருக்கும், எல்லா நோட்டிலும் அச்சடித்துவிடாதீர்கள். வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் உண்டு, பிறகு வந்தவற்றில் வெறும் எழுத்து மட்டும். ஜப்பானியர் அங்கே காசு அடித்துப் புழக்கத்தில் விடவில்லை. 1, 5, 10, 50 காசு எல்லாமே தாள்தான். எனவே 1944-இல் கடைக்காரர் மேசையில் சில்லறை கிலுங்கக் கூடாது. கடைசி வருடக் காட்சியில் நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுக்க வையுங்கள், விலைவாசியைப் பற்றி வசனமே தேவைப்படாது.

துணியில் பலரும் சறுக்குகிறார்கள். கோலாலம்பூர் விழுந்தது 1942 ஜனவரி 11, சிங்கப்பூர் பிப்ரவரி 15. அந்த வாரமே எல்லோரும் கோணியைச் சுற்றிக்கொள்ளவில்லை. முதல் வருடம் பழைய துணி, பிறகு ஒட்டுப்போட்டது, 1944 வாக்கில்தான் சாக்கு. ஒரே சட்டையை மூன்று பிரதி தைத்து, ஒன்றை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் சோடாவில் அவித்து, கழுத்திலும் முழங்கையிலும் உப்புத்தாள் தேய்த்துப் பழசாக்குங்கள். வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்காவிட்டால் கேமராவில் வெளுத்து நிற்கும். சாக்குக்கு அசல் சணலே வேண்டும், பிளாஸ்டிக் சாக்கு மினுக்கும். கழுத்துக்கும் அக்குளுக்கும் உள்ளே மெல்லிய பருத்தி வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் நடிகர் மதியத்துக்குள் சொறிய ஆரம்பித்துவிடுவார்.

பசி என்றதும் ஒல்லியான ஆட்களைத் தேடாதீர்கள். மலாயா தன் அரிசியில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கிய நாடு. அது நின்றதும் மரவள்ளியும் சக்கரைவள்ளியும்தான் சோறு. பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வந்து கால் வீங்கியவர்களும், ஆறாத புண்ணோடு நடந்தவர்களும் இருந்தார்கள். வீங்கிய கணுக்கால் ஒப்பனைக்கு மலிவு, படங்களில் அபூர்வம்.

இடம். கன்னியாகுமரி மாவட்டத்தில் எடுக்கலாம், ஆனால் மரத்தைச் சுற்றி மழைக்காப்புப் பிளாஸ்டிக் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றினாலும் தார் ஒட்டிய கறுப்பு வளையம் பட்டையில் நிற்கும். கட்டாத பகுதியாகப் பார்த்துப் பேசி வைப்பது உத்தமம். ரப்பர் பால் பிடிக்கும் பிளாஸ்டிக் மங்குகளையும் எடுத்துவிடுங்கள். ரப்பர் ஏற்றுமதி படுத்துவிட்டதால் பல மரங்கள் சீவாமல் கிடந்தன. வெட்டுக்காயம் ஆறிய மரமும் இடையில் புல் மண்டிய வரிசையும்தான் அந்தக் காலத்துக்குப் பொருத்தம், ஆக வேலை நடக்காத பழைய தோட்டம் கிடைத்தால் விடாதீர்கள். மலேசியாவில் எடுப்பதானால் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும். பாதிப் படத்தை அதற்கு முன் எடுத்துவிட்டு மீதிக்கு அப்போது போனால் ஷாட்டுகள் ஒட்டவே ஒட்டாது. பின்னணியில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசை தெரிகிறதா என்றும் பாருங்கள். செம்பனை அப்போதும் இருந்தது, ஆனால் இன்று இருக்கும் அளவுக்கு இல்லை.

தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயிலைக் காட்ட நினைக்க வேண்டாம். 415 கிலோமீட்டர் பாதை, காடு, பாலம் எதுவும் உங்கள் பட்ஜெட்டுக்கு வராது. பெரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர் கூடும் இடத்தில்) பெயர் வாசிப்பது, லாரி, சரக்கு வண்டியில் ஏற்றுவது, இவ்வளவு போதும். தண்டவாளம் மட்டும் கவனம்: மலாயாவில் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். நம் ஊர் அகலப் பாதை 1676. தண்டவாளத்தை நேராக வைத்து எடுத்தால் அகலம் காட்டிக்கொடுக்கும், பெட்டிக் கதவுக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுங்கள்.

திரைக்கதையில் ஒன்று. 1943-ஐத் துன்பமாக மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். சயாமுக்கு ஆள் பிடித்த அதே வருடம் ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார், அக்டோபரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைப் பயிற்சி முகாம் திறந்தது. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் ஆளைக் கொண்டுபோயிருப்பார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை 'ஜெய்ஹிந்த்' சொல்லிக்கொண்டிருக்கும். ரயிலுக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கதையை நிற்க வையுங்கள். கூட்டக் காட்சியில் மூவர்ணக் கொடி வைத்தால் நடுவில் ராட்டை இருக்கட்டும், அசோகச் சக்கரம் 1947-இல்தான் வந்தது.