ஆந்தைத் தாங்கி வைத்தால் எலிச் செலவு குறையுமா?

எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரும்படி வயலில் ஆந்தைத் தாங்கி நட்டால் கட்டுபடியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர்ப் பக்கம் நான்கு ஏக்கரில் சம்பா செய்கிறோம். கட்டுபடியாகும். ஆனால் தாங்கியின் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தாங்கிக்குப் பெரிதாகச் செலவில்லை. ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். மூங்கில் கழியின் தலையில் ஒரு குறுக்குக் கட்டை. இல்லையென்றால் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே போதும். பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கதிர் முற்றும் முன் மறக்காமல் பிடுங்கிவிடுங்கள், நெல் தின்னும் குருவிகளும் அதில்தான் வந்து உட்காரும்.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஆந்தை வேண்டுமென்றால் எலி மருந்தைக் கைவிட வேண்டும். புரோமடையலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்கு, அதாவது வெள்ளை முக ஆந்தைக்கு, எளிதில் அகப்படுவது அந்த எலிதான். நான் மருந்தை நிறுத்திய ஆண்டு பக்கத்து வயலில் வைத்திருந்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரு கூகை காயமே இல்லாமல் செத்துக் கிடந்தது. மருந்துதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டு முழுக்க, கிட்டி என்ற எலிப்பொறி வைக்கும் ஆட்களுக்குக் கூலிதான். கதிர் வெளிவரும் முன் உள்ள பொதிப் பருவத்தில் எலி தூரை வெட்ட ஆரம்பித்தால் ஆந்தை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆந்தைக்கு நாம் போடும் உண்மையான முதலீடு அந்தக் கூலிதான். சுற்றியுள்ள மூவரும் மருந்தைக் கைவிட்ட பிறகுதான் அது பாதியாகக் குறைந்தது.

அமெரிக்காவின் மிச்சிகனில் செர்ரித் தோட்டங்களில் பழம் தின்னும் பறவைகளை விரட்டச் சின்ன வல்லூறுகளுக்குக் கூட்டுப்பெட்டி வைத்தால், ஒரு டாலர் செலவுக்கு 84 முதல் 357 டாலர் மதிப்புள்ள பழம் மிஞ்சும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். செர்ரி விலையை நெல்லுக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் பெட்டி நமக்கும் தேவை. தாங்கி உட்கார்ந்து வேட்டையாட மட்டும்தான். குஞ்சு பொரிக்கப் பொந்து வேண்டும். பொந்துள்ள பழைய மரங்களை எங்கள் ஊரில் வெட்டித் தீர்த்துவிட்டோம். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி வைத்துத்தான் கூகைகளைக் குடியேற்றினார்கள். எங்களைப் போல் நான்கு ஏக்கர் வைத்திருந்தால் அது மூன்று முதல் ஆறு குடும்பங்களின் நிலம்.

ஆகவே உங்கள் வயலைச் சுற்றி யார் யார் மருந்து வைக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பேசுங்கள். மூங்கில் பிறகு வெட்டலாம்.