குஞ்சு வந்த முதல் மாதம்: கேட்டதும் சொன்னதும்

பர்மாவில் பெகு பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்த்து விற்கும் அக்காவிடம், மழைக்காலத்தில் குஞ்சு எடுத்தவர்கள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

சிரியத்திலிருந்து: அக்கா, நேத்து ஐம்பது குஞ்சு வந்துச்சு. குருணை போட்டா கொத்த மாட்டேங்குது. பட்டினியில செத்துருமா?

ஒரு நாளில் சாகாது தம்பி. பொரிக்கிறதுக்கு முன்னால வயிற்றுக்குள்ள இழுத்துக்கிட்ட மஞ்சள் கரு ரெண்டு மூணு நாள் தாங்கும். பெட்டியில அடைச்சு பஸ்ஸில அனுப்ப முடியறதே அதனாலதான். அதுக்காக மூணாம் நாள் வரைக்கும் விட்டுடாதீங்க. முதல்ல தண்ணி. வெதுவெதுப்பா, லிட்டருக்கு ஒரு கரண்டி பனைவெல்லம் கரைச்சு, முதல் சில மணி நேரத்துக்கு மட்டும். நாலைந்து குஞ்சைப் பிடிச்சு அலகை நனைச்சு விட்டா மத்தது பார்த்துக் கத்துக்கும். தட்டில கூழாங்கல் போடுங்க, இல்லேன்னா உள்ளே விழுந்து நனைஞ்சு விறைச்சுப் போகும். அப்புறம் கோணிச் சாக்கு மேல தீவனத்தைத் தூவுங்க. வழவழப்பான காகிதம் வேண்டாம், கால் வழுக்கி அகண்டு போகும்.

ராத்திரி ஒவ்வொரு குஞ்சா எடுத்துக் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. மெத்துன்னு நிறைஞ்சிருந்தா சாப்பிட்டிருக்கு. தட்டையா இருக்கிறதைத் தனியா எடுத்து ஊட்டுங்க.

வெறும் குருணை மட்டும் போடாதீங்க. அதில புரதம் ஏழு எட்டு சதவீதம்தான். குஞ்சுக்கு 20 சதவீதம் பக்கம் வேணும்.

தட்டோனிலிருந்து: கம்பெனித் தீவனம் விலை கட்டுப்படி ஆகலை. கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு கலக்கலாமா? வீட்டில ஙாப்பி (உப்புப் போட்டுப் புளிக்க வைச்ச மீன் விழுது) மிச்சமும் இருக்கு.

முதல் மூணு நாலு வாரத்துக்காவது கம்பெனித் தீவனமே போடுங்க தங்கச்சி. குஞ்சு தின்பது கொஞ்சம்தான், மிச்சம் பிடிக்கிறதைப் பெரிய கோழியில பிடிக்கலாம். ஙாப்பி கூடவே கூடாது. உப்புக் கருவாடும் அப்படித்தான். உப்பு ஏறினா குஞ்சு தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, தள்ளாடி விழுந்து சாகும். உப்புப் போடாம காய வைச்ச மீனா இருந்தா இடிச்சுக் கொஞ்சம் சேர்க்கலாம்.

புண்ணாக்கு நல்ல சரக்குதான். மழைக்காலத்தில மூட்டையைத் தரையில வைச்சா பூசணம் பிடிச்சு ஈரலைத் தின்கிற நஞ்சு வந்துடும். வேக வைச்சாலும் அந்த நஞ்சு போகாது. மோந்து பார்த்து மக்கல் வாடை இருந்தா வாத்துக்குப் போடலாம்னு நினைக்காதீங்க, வாத்துக்குஞ்சு இன்னும் சீக்கிரம் சாகும்.

காசில்லாத புரதம் வேணும்னா கரையான் இருக்கு. பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காய்ஞ்ச சாணி அடைச்சுத் தண்ணி தெளிச்சு, கரையான் ஓடுற இடத்தில சாயங்காலம் கவிழ்த்து வைங்க. காலையில தட்டிக் கொட்டினா குஞ்சுங்க அடிச்சுக்கிட்டு வரும்.

மோல்மேனிலிருந்து: கரண்ட் எப்போ வரும் எப்போ போகும்னே தெரியலை. சூட்டுக்கு என்ன பண்றது?

முதல்ல ஒண்ணு: எல்ஈடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்புதான் வேணும். முதல் வாரம் குஞ்சு நிக்கிற இடத்தில 32 முதல் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைங்க. தெர்மாமீட்டர் இல்லேன்னா குஞ்சே சொல்லும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்தினா குளிர். ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்தா சூடு அதிகம். பரவலாப் படுத்திருந்தா நீங்களும் போய்ப் படுக்கலாம்.

கரண்ட் போனா மண்சட்டியில கரியைப் போட்டுச் சாம்பல் மூடி, குஞ்சு தொடாதபடி மூங்கில் கூடை கவிழ்த்து நடுவில வைங்க. ஆனா அறையை இறுக மூடாதீங்க. கரிப்புகையில மொத்தக் குஞ்சும் செத்துக் கிடக்கும், உள்ளே படுத்திருக்கிற ஆளுக்கும் அதே ஆபத்துதான். மேல்பக்கம் காற்று போக வழி வேணும். கொஞ்சம் குஞ்சுதான்னா வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி வைச்சாலே போதும்.

பெகுவிலிருந்து: மூணாவது வாரம், எச்சத்தில ரத்தம். மருந்துக் கடையில கொடுத்த மஞ்சள் நிற மருந்துத் தூள் போட்டும் நிக்கலை. வைட்டமினும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

அண்ணே, வைட்டமினை இன்னைக்கே நிறுத்துங்க. இது ரத்தக்கழிச்சல். குடலில இருக்கிற ஒட்டுண்ணி பண்ற வேலை, சளிக்குக் கொடுக்கிற அந்த மஞ்சள் நிற மருந்து இதைத் தொடாது. ஆம்ப்ரோலியம் வாங்குங்க. அது பி1 வைட்டமின் மாதிரி வேஷம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுற மருந்து. கூடவே பி வைட்டமின் கொடுத்தா மருந்து வீண். டப்பாவில 20 சதவீதம்னு இருந்தா லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். பிறகு அதில கால் பங்கு, ஒரு வாரம். தண்ணியிலதான் கொடுக்கணும், ஏன்னா நோய் வந்த குஞ்சு தின்னாது, குடிக்கும். வைட்டமின் அதுக்கப்புறம்.

மருந்து பாதி வேலைதான். எச்சத்தில விழுற ஒட்டுண்ணி முட்டை, ஈரமும் சூடும் கிடைச்சா ஒண்ணு ரெண்டு நாளில நோய் பரப்புற பக்குவத்துக்கு வந்துடும். தரையில பரப்பின உமியைக் கையில அள்ளிப் பிடிச்சுப் பாருங்க. விட்டதும் உதிர்ந்தா சரி. உருண்டையா நின்னா ஈரம், உடனே மாத்துங்க. தண்ணித் தட்டைச் சுத்தித்தான் முதல்ல நனையும், அந்த இடத்தைத் தினமும் அள்ளிப் புது உமி போடுங்க. பினாயில் ஊத்தி இந்த முட்டையைக் கொல்ல முடியாது.

துவாண்டேவிலிருந்து: வெள்ளைக்கழிச்சலுக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் போதும்னு மாமியார் சொல்றாங்க.

வெங்காயம் கொஞ்சமாக் கொடுத்தா பரவாயில்லை. ஆனா வெள்ளைக்கழிச்சல் வைரஸ். பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, கழுத்து திருகிக்கிட்ட பிறகு எந்த மருந்தும் கேட்காது. வரும் முன்னே சொட்டு மருந்து போடணும்: 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி. கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே போன பிறகு குஞ்சை விடுங்க. இது உயிருள்ள மருந்து. கடையிலிருந்து ஐஸ் பெட்டியில வரணும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், மிச்சத்தை நாளைக்குன்னு வைக்கக் கூடாது. பிரிட்ஜ் வசதி இல்லாதவங்க, வெப்பம் தாங்குற ஐ-2 தடுப்பு மருந்து இருக்கான்னு கால்நடை ஆபீசில விசாரிங்க. நோயாக் கிடக்கிற குஞ்சுக்கு இந்தத் தடுப்பு மருந்து எதுவும் போடாதீங்க. மாமியார் கோவிச்சுக்காம பார்த்துக்கிறது உங்க சாமர்த்தியம்.

ரங்கூனிலிருந்து: பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைச்சுக்குது.

வெந்நீரில பஞ்சை நனைச்சு ஊற வைச்சுத் துடைங்க, இழுக்காதீங்க. ரெண்டொரு குஞ்சுன்னா குளிரோ சூடோ சரியில்லை. முதல் வாரத்திலேயே நிறைய இப்படி ஆகிச் செத்தா, தாய்க்கோழி முட்டை வழியா வந்த நோயா இருக்கும். அந்த ஆளிடம் மறுபடி வாங்காதீங்க.

சிரியத்திலிருந்து மறுபடி: பக்கத்து வீட்டில பெரிய கோழி எல்லாம் ஒரே ராத்திரியில செத்துருச்சு. அறுத்துப் பங்கு போடுறாங்க.

வாங்காதீங்க, தொடவும் வேண்டாம். 2006 மார்ச்சில மண்டலைப் பக்கம் வந்த பறவைக் காய்ச்சல் நினைவிருக்கும். ஒரே ராத்திரியில கூட்டமாச் செத்தா கால்நடை ஆபீசுக்குச் சொல்லணும். ஓடையில வீசக் கூடாது, ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்க. அந்த வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போன செருப்போட உங்க குஞ்சுக் கொட்டகைக்குள்ள போகாதீங்க.