சீஅவுட் விழுங்கிய சதங்கள்

அண்ணா வணக்கம்,

நான் உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். மாமாவின் மீன் வாடிக் கணக்குக்காக சி மொழியில் ஒரு புரோகிராம் வைத்திருந்தேன். அதை சி பிளஸ் பிளஸுக்கு மாற்றியதும், 1847362.500000 என்று வந்த மொத்தத் தொகை 1.84736 என்று வந்து, பக்கத்தில் ஓர் ஈ (e) எழுத்து, +06 என்று நிற்கிறது. இரண்டிலும் தொகை இருப்பது டபுள் என்ற தசம எண் வகையில்தான். மாமா என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். எந்த மொழி சரி?

வாசகர், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

காசு பத்திரமாக இருக்கிறது. நினைவகத்தில் உள்ள எண் இரண்டிலும் ஒன்றுதான், எழுதிக் காட்டுவதில்தான் வித்தியாசம்.

சியில் அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் சதவீதக் குறியோடு எஃப் போட்டீர்கள். புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரும். சி பிளஸ் பிளஸில் அச்சிடும் சீஅவுட்டுக்கு எத்தனை இலக்கம் என்று நீங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது மொத்தமாகவே ஆறு இலக்கம்தான் காட்டும். ஈ, +06 என்றால் பத்து லட்சத்தால் பெருக்கிக்கொள் என்று அர்த்தம். பழைய சி புரோகிராமில் எஃப்பை எடுத்துவிட்டு ஜீ போட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே ஈ வரும். ஆகவே இது மொழிச் சண்டை இல்லை.

அந்த ஈ வந்தது நல்லதுதான், கண்ணில் பட்டது. எனக்குப் பயம் பத்து லட்சத்துக்குக் குறைவான மாதங்களைப் பற்றித்தான். 847362.75 என்ற தொகையை சீஅவுட் 847363 என்று காட்டிவிட்டுப் போய்விடும். பார்க்க ஒழுங்கான எண். ஒருவரும் கேட்க மாட்டார்கள். பழைய அச்சுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வர, ஃபிக்ஸ்ட், செட்பிரசிஷன் 2 இரண்டையும் ஒருமுறை சீஅவுட்டுக்குக் கொடுத்தால் போதும், நீங்கள் மாற்றும்வரை அப்படியே இருக்கும். அகலம் வைக்கும் செட்டபிள்யூ அப்படியில்லை, அடுத்த ஒரு மதிப்போடு மறந்துவிடும். பட்டியலில் நிரல்கள் கோணலாக வந்தால் காரணம் அதுதான். கம்பைலர் புதிதென்றால் சி பிளஸ் பிளஸ் 23 பதிப்பில் வந்த பிரிண்ட் கட்டளை இருக்கிறது. அது ஒன்றும் சொல்லாமலே 1847362.5 என்று முழுசாகக் காட்டும். ரஸ்ட் என்ற மொழியும் அப்படித்தான். ஆனாலும் கணக்குப் புத்தகத்துக்கு .50 வேண்டும், அதை எந்த மொழியிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், காசை டபுளில் வைக்காதீர்கள். பத்துச் சதத்தை, அதாவது 0.10ஐ, அதனால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. எல்லாவற்றையும் சதமாக, முழு எண்ணாக வையுங்கள். அச்சிடும்போது 100ஆல் வகுத்து, மீதியை இரண்டு இலக்கமாக, முன்னால் சுழியம் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் 5 சதம் .5 ஆகி ஐம்பது சதமாகிவிடும். இன்ட் என்ற சாதாரண முழு எண் வகை, சதமாக வைத்தால் 2 கோடியே 14 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலே நிரம்பிவிடும், அதனால் லாங் லாங் என்ற பெரிய வகையைப் போடுங்கள்.