தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி: விமானம் பறக்கும் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தேன். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமோ அதைவிட ஒரு மணி நேரம் கூடுதல். எங்கே தவறினேன்?

பதில்: வகுத்தலில் தவறில்லை. ஆனால் 900 என்பது உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு இருக்காது. அதோடு, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல; விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போன ஊரில் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்காக வரிசையில் காத்துக் கிடப்பதும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். "முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்ற பெருமையான அறிவிப்பின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் வழியில் கீழே கிரீன்லாந்து தெரிந்தது. ஏன் இப்படிச் சுற்றிப் போகிறார்கள்?

பதில்: சுற்றவில்லை, அதுதான் குறுக்குவழி! ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களிலும் நூலை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே ஏறிக்கொள்ளும். தட்டை வரைபடம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

கேள்வி: லண்டன் - நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. பூமி சுழல்வதால்தானே?

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ஆகவே சுழற்சியால் நேரடி லாபம் கிடையாது. காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். தூரம் ஏறக்குறைய 5,540 கி.மீ. எதிர்க்காற்று மணிக்கு 150 கி.மீ. என்றால், 900இல் அது போகத் தரைக்கணக்கில் வேகம் 750. வானில் மட்டும் 7 மணி 23 நிமிடம் ஆகும். அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 1,050. 5 மணி 17 நிமிடம் போதும். குளிர்காலத்தில் இந்த ஓட்டம் இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் தயவில், நியூயார்க்கில் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது.

கேள்வி: டோக்கியோவில் திங்கள் இரவு 9 மணிக்கு ஏறினால் ஹொனலுலுவில் திங்கள் காலை 9 மணிக்கு இறங்கலாமாம். அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். ஏழு மணி நேரம் பறந்தால் டோக்கியோவில் செவ்வாய் அதிகாலை 4 மணி. ஹொனலுலு அதற்கு 19 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கழித்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் காட்டும் தூரத்தைத்தான் விமானம் பறக்குமா?

பதில்: அது கீழ்வரம்பு. வானிலை, வான்வெளித் தடை என்று எது வந்தாலும் பாதை நீளும். ஹெல்சிங்கி - டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கேள்வி: விமானிகள் சொல்லும் கடல் மைல்?

பதில்: 1.852 கி.மீ.