போர்டு கேம் ஆடிப் பழகியவருக்கு விண்வெளி வீடியோ கேம்கள் ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் யூடியூபில் எல்லாரும் தூக்கிப் பிடிக்கிற பெரிய கேமை முதலில் வாங்கினால் வெறுத்துப்போக வாய்ப்பு அதிகம். உங்கள் குழு வேலை, கல்யாணம் என்று கலைந்துவிட்டது, கையில் இருப்பது பழைய லேப்டாப், விண்வெளிக் கதை என்றால் பிடிக்கும், எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூர், செந்தூல். வார இறுதியில் நண்பர் ஒருவரின் கொண்டோவில் மேசை போட்டு ஆடும் கூட்டத்தில் ஒருவன். 2020 மார்ச் 18ஆம் தேதி எம்சிஓ என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் மேசைக்கு வேலை இல்லாமல் போனது. பெட்டிகள் அலமாரிக்குள் போயின, நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். எம்சிஓ முடிந்து மேசை திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

மேசையில் பழகியவனுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொள்ளும். கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பகடை எல்லார் முன்னாலும் உருள்கிறது, விதி புத்தகத்தில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் பக்கத்தைத் திறந்து சண்டை போடலாம். தோற்றால் எந்த இடத்தில் தோற்றேன் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். கணினியோ கணக்கு முழுவதையும் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் நம் முகத்தில் காட்டும். ஆகவே எந்த விண்வெளி கேமைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது கிராஃபிக்ஸை அல்ல. இது எனக்குக் கணக்கைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

பேட்டில்டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விளையாட்டாக 1984இல் வந்தது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், இரண்டு பகடை, ஒவ்வொரு ராட்சத இயந்திரத்துக்கும் ஒரு தாள். தாளில் கை, கால், மார்பு, தலை என்று பிரித்துச் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். அடி விழ விழ பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். சுட்டால் இயந்திரம் சூடேறும். பிபிசி என்கிற துகள் பீரங்கியை ஒரு தடவை சுட்டால் 10 வெப்பம். வெப்ப அளவு 30ஐத் தொட்டால் இயந்திரம் தானாக அணைந்துவிடும். அதற்கு முன்னாலேயே பகடை உருட்டித் தப்பிக்க வேண்டிய படிகளும் உண்டு. அடி எங்கே பட்டது என்பதற்கும் இரண்டு பகடைதான். 12 விழுந்தால் தலை. தலைக்கு எவ்வளவு கவசம் பூட்டினாலும் 9, உள்ளே இருக்கும் சட்டகத்துக்கு 3, ஆக மொத்தம் 12. இருபது அடி கொடுக்கிற பெரிய பீரங்கி அங்கே பட்டால் 100 டன் எடையுள்ள அட்லஸ் என்ற இயந்திரமும் அவ்வளவுதான். 36இல் ஒரு வாய்ப்பு. அந்த 12 விழும்போது எழுகிற கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் தட்டியதுண்டு.

இதே விளையாட்டு 2018இல் கணினிக்கு வந்தது. செய்த நிறுவனம் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ். அதை நடத்திய ஜோர்டன் வைஸ்மன், மூல விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். அதனாலோ என்னவோ, கை வைத்த இடமெல்லாம் பழைய தாளின் வாசனை அடிக்கிறது. மேசையில் 5 அடி கொடுக்கும் மீடியம் லேசர் இங்கே 25. எண்ணை ஐந்தால் பெருக்கியிருக்கிறார்கள், சில சின்ன பீரங்கிகளுக்கு மட்டும் விகிதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் நின்று சுட்டால் சூடு சீக்கிரம் இறங்கும், அதுவும் அப்படியே. நாங்கள் ஒரு முழு மாலை எடுத்துக்கொள்ளும் சண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, பென்சில் தேவையில்லை, அழிரப்பர் தூள் இல்லை. ஆனால் தலை பறக்கும்போது கேமரா மட்டும் கிட்டே போய்க் காட்டுகிறது. கத்துவதற்கு எதிரே ஆள் கிடையாது. நல்ல கேம்தான், ஆனால் எனக்கு அது மேசையின் நகல். மேசை இருக்கும்போது நகல் எதற்கு?

எக்ஸ்காம் வேறு மாதிரி. 1994இல் ஜூலியன் கோலப் செய்த பழைய கேமை ஃபிராக்சிஸ் 2012இல் புதிதாகக் கொண்டுவந்தது. வேற்றுக்கிரகவாசி, சுவர் மறைவு, குறி பார்த்துச் சுடும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் எண். 95 என்று காட்டும், தவறும். உலகமே இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறது. எனக்குப் புலம்பல் வரவில்லை. இருபதில் ஒரு தடவை தவறும் என்றால் தவறத்தானே செய்யும்? சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் அதே குண்டை மறுபடி சுட்டாலும் அதே முடிவுதான் வரும், பகடையை முன்கூட்டியே உருட்டி வைத்துவிட்டார்கள். அதுவும் நியாயம். என்னைக் கடுப்பேற்றியது வேறொன்று. எளிய நிலைகளில் ஆடும்போது திரையில் இருக்கிற சதவீதம் உண்மையான சதவீதம் இல்லை. உள்ளே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து குறி தவறினால் இன்னும் கூட்டுவார்கள். மனிதர்கள் நிகழ்தகவைச் சரியாக உணர்வதில்லை, உண்மையான எண்ணைக் கொடுத்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள் என்பதுதான் காரணம். நம் நன்மைக்காகத்தான் செய்கிறார்கள். இருந்தாலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் எனக்குப் பாவம் பார்த்துப் பகடையைத் திருப்பி வைத்தால் நான் மேசையை விட்டு எழுந்துவிடுவேன். எக்ஸ்காம் ஆடினால் கடினமான நிலையில் ஆடுங்கள். அடி பலமாக விழும், ஆனால் எண் பொய் சொல்லாது.

இப்போது நான் உண்மையிலேயே உங்களிடம் தள்ள நினைப்பது: எஃப்டிஎல். 2012இல் ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இரண்டு பேர் செய்தது. போர்டு கேம்களிலிருந்துதான் தங்களுக்கு எண்ணமே வந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், விளையாடிப் பார்த்தால் சொல்லாமலே தெரியும். மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு சின்னக் கப்பல். அறை அறையாகப் பிரித்திருக்கும். கவசம், ஆயுதம், எஞ்சின், ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, உள்ளே ஓரிரு ஆட்கள். பச்சைப் பட்டைகளாக மின்சாரம். எல்லாவற்றுக்கும் போதாது, ஒன்றிலிருந்து பிடுங்கித்தான் இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் எல்லாம் நிற்கும், யோசிக்கலாம்.

ஒரு சண்டையில் எதிரியின் குண்டு என் கவச அறையில் தீ வைத்தது. உள்ளே இருந்த ஆளை அணைக்கச் சொன்னால் ஆள் கருகிவிடுவான், விட்டால் கவசம் போகும். நிறுத்தினேன், கதவுகளைப் பார்த்தேன். அந்த அறையிலிருந்து கப்பலின் வெளிக்கதவு வரை மூன்று கதவு. ஆளை நடுவறைக்கு ஓடச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, மற்ற மூன்றையும் திறந்துவிட்டேன். காற்று முழுவதும் வெற்றிடத்துக்குப் போனது, அறைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன, மூச்சுக்கு வழியில்லாமல் தீ தானே அணைந்தது. கதவை மூடிவிட்டு ஆக்சிஜன் ஏறக் காத்திருந்தபோதுதான் கவனித்தேன், ஆக்சிஜனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தை ஆயுதத்துக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். இதை எனக்கு எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. தீக்குக் காற்று வேண்டும், கதவு திறந்தால் காற்று போகும் என்ற இரண்டு விதிகள் மேசையில் கிடந்தன, மூன்றாவதை நானே செய்துகொண்டேன். மேசையில் இதை நடத்த முடியுமா என்று கேட்டால், முடியாது. ஒவ்வொரு அறையின் காற்றையும் யார் கணக்குப் போடுவது? விதி கண்ணுக்குத் தெரிய வேண்டும், வாய்ப்பாட்டை மட்டும் இயந்திரம் சொல்லிக்கொள்ளட்டும். கணினியிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

அதே இருவர் 2018இல் இன்டூ த பிரீச் செய்தார்கள். எட்டுக்கு எட்டு கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரம், எதிரே ராட்சதப் பூச்சிகள். அடுத்து யார் யாரை அடிக்கப் போகிறார்கள் என்று பூச்சிகள் முன்கூட்டியே காட்டிவிடும். பிறகுதான் உங்கள் முறை. கொல்வதைவிடத் தள்ளுவதுதான் வேலை, கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு பூச்சியை ஒரு கட்டம் தள்ளினால் அது அடிக்க நினைத்த கட்டடத்துக்குப் பதில் தன் கூட்டாளியையே அடிக்கும். அடி படுமா தவறுமா என்ற கேள்வியே இல்லை, கட்டடம் ஓர் அடியைத் தாங்கிக்கொள்ளும் சிறு வாய்ப்பு மட்டும்தான் அதிர்ஷ்டத்துக்கு விட்ட இடம். ஒரு முறைக்குக் கால் மணி நேரம் யோசித்திருக்கிறேன். எங்கள் மேசையில் அப்படி யோசித்தால் உதைப்பார்கள்.

செவ்வாய்க் கோளை மனிதர் வாழத் தக்கதாக மாற்றும் போர்டு கேமான டெராஃபார்மிங் மார்ஸின் கணினி வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆக்சிஜன் 14 சதவீதம், வெப்பம் மைனஸ் 30இலிருந்து பிளஸ் 8, ஒன்பது கடல், அதே விளையாட்டு. அட்டைத் தட்டில் நிற்காமல் வழுக்கும் கட்டைகள் இல்லை, நம் ஊர் ஈரப்பதத்தில் வளையும் கார்டுகள் இல்லை. மாமாக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்த கையோடு வந்து கார்டைத் தொடும் நண்பனும் இல்லை. ஆனால் மேசையில் யாராவது நகரம் வைத்தால் தனக்கு வர வேண்டிய வருமானத்தை மறந்துவிடுபவன் மறந்தவன்தான், மற்றவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். கணினி யாரையும் மறக்க விடாது. எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

கணக்கைக் காட்டு என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே ஓரிடத்தில் மாறிப் பேச வேண்டும். விண்வெளிப் பேரரசுகள் மோதும் போர்டு கேமான ட்விலைட் இம்பீரியம் ஆடியிருப்பீர்கள், அல்லது ஆடியவர்களின் வீங்கிய கண்ணையாவது பார்த்திருப்பீர்கள். 1997இல் முதலில் வந்தது, நான்காம் பதிப்பு 2017. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருக்க முடியும். அதில் கப்பல்களைவிடப் பேச்சுதான் முக்கியம். எங்கள் மேசையில் பேரம் மலாய், ஆங்கிலம், தமிழ் கலந்து நடக்கும். ரகசியமாகத் தமிழில் திட்டம் போடுவது வேலைக்காகாது. செந்தூலிலேயே வளர்ந்த சீன நண்பர் தலையைக்கூடத் தூக்காமல், “டேய், எனக்கும் கேக்குதுடா” என்பார். இந்தப் பசியோடு ஸ்டெல்லாரிஸ் பக்கம் போனேன். 2016இல் வந்த, பிரம்மாண்டமான விண்மீன் பேரரசு கேம். அண்டை அரசு ஏன் உங்களை வெறுக்கிறது என்று கேட்டால் பட்டியல் போட்டுக் காட்டும்: எல்லைத் தகராறுக்கு மைனஸ் இவ்வளவு, ஒப்பந்தத்துக்குப் பிளஸ் இவ்வளவு. கணக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது, ஆனால் சுவாரசியம் இல்லை. போன தீபாவளிக்கு முன் ஆடிய ஆட்டத்தில் நான் முதுகில் குத்தியதை இன்னும் மனதில் வைத்திருக்கும் நண்பனின் கோபத்துக்கு எண் கிடையாது. பீரங்கிக்குக் கணக்கு தெரிய வேண்டும், ஆளின் மனசுக்குத் தெரியக் கூடாது போலிருக்கிறது.

நோ மேன்ஸ் ஸ்கை 2016இல் வந்தபோது சுமார் 1.8 லட்சம் கோடி கோடி கோள்கள் என்றார்கள். பிற்பாடு இலவசமாகவே நிறையச் சேர்த்து நன்றாக்கிவிட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் கொஞ்ச நாளில் இறங்கிக்கொண்டேன். எங்கே போனாலும் ஒன்றும் பறிபோகாது என்றால் நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன்? அதற்கு நேர் எதிர் 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். சின்னச் சூரியக் குடும்பம், 22 நிமிடம், அதற்குள் சூரியன் வெடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கையில் எதுவும் மிஞ்சாது, தெரிந்துகொண்டது மட்டும் மிஞ்சும். ஒரு கோளிலிருந்து மணல் இன்னொரு கோளுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இங்கே குகை மூடும் நேரத்தில் அங்கே கட்டடம் வெளியே வரும். திரையில் எண்கள் அதிகம் இல்லை, ஆனாலும் கணக்கு முழுவதும் கண் முன்னால்தான் நடக்கிறது. இதற்கு மேல் சொன்னால் உங்கள் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவேன்.

சிட்டிசன் ஸ்லீப்பர், 2022. நாள் தொடக்கத்தில் பகடைகள் உருளும், அதிகபட்சம் ஐந்து. எந்தப் பகடையை எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதுதான் ஆட்டம். உடம்பு கெடக் கெட பகடை குறையும். நாயகன் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான செயற்கை உடல், ஒப்பந்தத்திலிருந்து தப்பி ஒரு விண்வெளி நிலையத்துக்கு ஓடி வந்தவன். உடம்பு ஓடுவதற்கான மருந்து அந்த நிறுவனம் தயாரிப்பது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்து, கங்காணிக்குக் கடன்பட்டு, தோட்டத்தை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மற்றவர்களுக்கு இது எதிர்காலக் கதை. எனக்கு என் தாத்தா பால்மரக் காட்டைப் பற்றிச் சொன்னதுதான் காதில் கேட்டது. ஒன்றாம் எண் பகடை மட்டும் கையில் இருக்கும் நாளில் வேலைக்குப் போகலாமா, படுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பது விளையாட்டு மாதிரியே இல்லை. வாசிக்க நிறைய இருக்கிறது, தமிழில் கிடையாது.

உங்கள் பழைய லேப்டாப்புக்கு: எஃப்டிஎல்லும் இன்டூ த பிரீச்சும் தாராளமாக ஓடும், தள்ளுபடியில் வாங்கினால் மாமாக் கடையில் இரண்டு பேர் சாப்பிடும் செலவுதான். முதலில் இன்டூ த பிரீச், பிடித்தால் எஃப்டிஎல், அப்புறம் சிட்டிசன் ஸ்லீப்பர். ஸ்டெல்லாரிஸுக்காகப் புது மெஷின் வாங்க லோ யாட் கணினிக் கடை வளாகம் பக்கம் போய்விடாதீர்கள். அந்தப் பணத்தில் ட்விலைட் இம்பீரியம் பெட்டியே வாங்கலாம். ஆள்தான் பிரச்சினை என்றால், கிள்ளான் பள்ளத்தாக்கில் போர்டு கேம் கஃபேக்கள் இருக்கின்றன, தனியாகப் போனாலும் ஏதாவது ஒரு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை என்றால் எங்கள் மேசையிலும் ஒரு நாற்காலி அனேகமாகக் காலியாகத்தான் இருக்கும், மெசேஜ் போடுங்கள்.