வெண்புள்ளி நோயும் மென்மையான மீன்களும்

மீன்தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு வாசகி): ஐயா, எங்கள் வீட்டில் 3 அடி நீளமும் 1 அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்றை மூன்று வருடங்களாக வைத்திருக்கிறோம். 4 கிளவுன் லோச், 6 கொரிடோராஸ், 15 நியோன் டெட்ரா அதில் இருந்தன. மாரி மழை தொடங்கிய கிழமையில் இன்னும் 8 நியோன் வாங்கி அதே தொட்டியில் விட்டோம். ஐந்தாம் நாள் லோச்சுகளின் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கடையில் தந்த பச்சை மருந்தை, இது 120 லீற்றர் தொட்டி என்று அவர்கள் சொன்ன கணக்கில், போத்தலில் எழுதியிருந்த முழு அளவுக்கு ஊற்றினேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் லோச்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பாதி நீரை மாற்றிய பிறகு ஓரளவு தெளிந்தன. ஆனால் புள்ளிகள் குறையவில்லை. உப்புப் போடுங்கள் என்கிறார் ஒருவர்; செதில் இல்லாத மீனுக்கு உப்பு ஆகாது என்கிறார் மற்றவர். நோய் கண்ட மீன்களை மட்டும் பிரித்து வைத்தால் போதுமா?

பதில்: சகோதரி, பாதி நீரை உடனே மாற்றியதுதான் உங்கள் லோச்சுகளைக் காப்பாற்றியிருக்கிறது. முதலில் அந்த 120 லீற்றர் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் தந்த அளவுகளைப் பெருக்கினால் வெறும் தொட்டியே ஏறத்தாழ 106 லீற்றர்தான் கொள்ளும். அடியில் கிடக்கும் கல்லையும், மரக்கட்டையையும், மேலே நிரப்பாமல் விட்ட இரண்டு விரற்கடை இடத்தையும் கழித்தால் உண்மையான நீர் 90 லீற்றரைத் தாண்டாது. ஆகவே நீங்கள் முழு அளவு என்று நினைத்து ஊற்றியது முழு அளவிலும் மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதுவும், பாதி அளவைக்கூட யோசித்தே கொடுக்க வேண்டிய மீன்களுக்கு. லோச்சின் செதில்கள் தோலுக்குள் புதைந்த மிகச் சிறியவை. கொரிடோராஸுக்குச் செதிலே கிடையாது, இரு பக்கமும் எலும்புத் தகடுகள்தான் உண்டு. மருந்தின் தாக்கம் இவற்றில் விரைவாகவும் கடுமையாகவும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளவுன் லோச் நலமாக இருக்கும்போதும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து ஓய்வெடுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இறந்துவிட்டதென்று பதறுவார்கள். சாய்ந்து கிடப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் செவுளைப் பாருங்கள். நமது பக்கத்தில் மீனின் பூ என்று சொல்லும் அந்த உறுப்பு அமைதியாகத் திறந்து மூடினால் மீன் இளைப்பாறுகிறது. விசிறியடிப்பது போல ஓயாமல் அடித்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் அசைந்தால், மூச்சுக்குப் போராடுகிறது. வெண்புள்ளி ஒட்டுண்ணி செவுளிலும் தங்கும் என்பதால், உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத நியோனும் நீர்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம். நோய் கண்டவற்றை மட்டும் பிரித்தால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. தொட்டியில் உள்ள எல்லா மீனும் நோயைத் தொட்டுவிட்டதாகவே கொள்ளுங்கள். மருத்துவம் முழுத் தொட்டிக்கும்தான்.

இந்த ஒட்டுண்ணியின் பெயர் இக்தியோப்திரியஸ் மல்ட்டிபிலிஸ். 1876இல் விவரிக்கப்பட்ட இதன் பெயருக்கு, பல பிள்ளைகளைப் பெறும் மீன்பேன் என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பெயர் மிகச் சரியாகவே பொருந்துகிறது. நீங்கள் காணும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் மேற்தோலுக்கு அடியில் இருந்துகொண்டு அதன் திசுவைத் தின்று வளரும் ஒற்றைக்கல உயிர். முழுதாக வளர்ந்தால் 1 மில்லிமீற்றர் வரை பருக்கும். வளர்ந்து முடிந்ததும் தோலைத் துளைத்து வெளியேறி, கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, அதற்குள் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் வரையிலும் பிரியும். உறையை விட்டு நீந்தி வரும் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ளாவிட்டால் மடிந்துவிடும். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது உப்போ மருந்தோ அதை எட்டாது. உறைக்குள் இருக்கும்போதும் எட்டாது. நீரில் நீந்தும் அந்தச் சொற்ப நேரத்தில்தான் நம்மால் அதைக் கொல்ல முடியும். ஆகவே நாம் மருந்து கொடுப்பது மீனுக்கு அல்ல, நீருக்கு. அந்த நீர் ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சும் வெளிவரும் நேரத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

உங்கள் மீன்களுக்கு நான் தெரிவு செய்வது உப்பும் மிதமான வெப்பமும். செதில் இல்லாத மீனுக்கு உப்பு ஆகாது என்பது பலரும் சொல்லக் கேட்டதுதான். ஆனால் லீற்றருக்கு 2 கிராம் என்ற அளவை மெதுவாக ஏற்றினால் லோச்சும் கொரிடோராஸும் இரண்டு கிழமை தாங்கிக்கொள்ளும். கெடுதல் வருவது ஒரே தடவையில் கொட்டுவதால்தான், அதிலும் கரைக்காமல் உப்புக்கல்லாகவே அடியில் போடுவதால்தான். அடியைக் கிளறித் தின்னும் மீன்கள் அந்தக் கரிப்பில் வயிற்றை வைத்துப் படுக்கும். வேறெதுவும் கலக்காத கல்லுப்பை வாங்கி, கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு, தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 90 கிராம். தொட்டி நீரிலேயே ஒரு ஜக்கில் கரைத்து, காலை முதல் மாலை வரை சிறிது சிறிதாக, பில்டரின் நீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். மறுநாள் மீன்கள் அமைதியாக இருந்தால் இன்னுமொரு 90 கிராம். அதற்கு மேல் வேண்டாம். உப்பு ஆவியாகிப் போகாது. ஆகையால் நீர் வற்றியதை ஈடுசெய்ய ஊற்றும் நீருக்கு உப்புச் சேர்க்கக் கூடாது, 30 லீற்றரை வெளியே எடுத்து மாற்றினால் மட்டும் 60 கிராம் சேர்க்க வேண்டும். மீன்கள் பதறினால் உப்பில்லாத நீரால் கால்பங்கை மாற்றுங்கள். அளவு தானே இறங்கிவிடும். நீங்கள் இருக்கும் கல்லடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டு. கிணற்று நீரையே தொட்டிக்கு எடுப்பவராயின் அதில் ஏற்கெனவே சவர் இருக்கக்கூடும், அப்போது இரண்டாம் நாள் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். செடிகளில் சில இந்த உப்புக்குக் கருகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது வீட்டுத் தொட்டிகள் தாமாகவே 29, 30 பாகை செல்சியஸில் நிற்கும். வாடை தொடங்கி மழை பிடித்ததும் விடியற்காலையில் 25 பாகை அளவுக்கு இறங்கிவிடும். இந்தச் சரிவும், பயணத்தில் களைத்து வந்த புதிய மீனும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் உங்கள் தொட்டியில் நோய் எழுந்தது. 100 வாட் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி, இரண்டு நாட்களில் 29 பாகைக்கு மெல்ல ஏற்றுங்கள். 30 பாகைக்கு மேல் இந்த ஒட்டுண்ணியின் பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதையும் தாங்கும் வகைகள் இருக்கின்றன, நியோனோ சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். ஆகவே வெப்பத்தால் கொல்ல முயலாதீர்கள். 29 பாகை செய்வது வேறு உதவி: 25 பாகையில் ஐந்தாறு நாட்கள் இழுபடும் சுழற்சி மூன்று நான்கு நாட்களில் முடிந்து, குஞ்சுகள் விரைவில் உப்பு நீருக்குள் வந்து சேரும்.

நீர் சூடாக ஆக அதில் கரையும் ஒட்சிசன் குறையும். இதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவில், மலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயமும் போர்மலினும் கலந்த மருந்தை முழு அளவில் ஊற்றி, ஹீட்டரையும் உயர்த்திவிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. போர்மலின் தானாகவே நீரின் ஒட்சிசனைக் குடிக்கும் பொருள். சூடேறிய நீரில் காற்றுக் குமிழியும் நின்றுபோக, விடியும்போது ஏழு வருடங்கள் என்னோடு வாழ்ந்த மூன்று லோச்சுகள் மரக்கட்டைக்கு அடியில் ஒன்றையொன்று ஒட்டியபடி இறந்து கிடந்தன. அன்றிலிருந்து பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று என் தொட்டியின் பக்கத்தில் எப்போதும் இருக்கிறது. நீங்களும் மருத்துவம் தொடங்குமுன் ஒன்றை வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயால் கல்லின் இடுக்கை உறிஞ்சி 20 லீற்றர் அளவில் மாற்றுங்கள். அதற்கு 40 கிராம் உப்புச் சேரும். உறையிட்ட ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி அந்த அழுக்கோடு வெளியே போய்விடும். மாற்றும் நீர் தொட்டியின் சூட்டில் இருக்க வேண்டும். மழை நாளில் வாளி நீர் நாலைந்து பாகை குளிர்ந்திருக்கும், கேத்தல் சுடுநீர் கலந்து சமப்படுத்துங்கள். குழாய் நீராயின் குளோரின் நீக்கும் துளிகளைப் போடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுவது வழக்கம். இத்தனை காலம் நம்பி எடுத்த கிணற்று நீர் அந்த நாட்களில் மீனின் செவுளையே எரித்துவிடும். கிணற்றுக்கு எப்போது போட்டார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாளியை இறக்குங்கள்.

பச்சை மருந்தை இனி எடுக்க வேண்டாம். உப்புக்கு ஐந்தாறு நாட்களில் எந்தப் பலனும் தெரியாவிட்டால் மட்டும், உப்பை நீர்மாற்றத்தால் இறக்கிய பிறகு, 90 லீற்றருக்குக் கணக்கிட்ட அளவில் பாதியைக் கொடுக்கலாம்; அப்போது மருந்தை உறிஞ்சிவிடும் பில்டர் கரியை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து வையுங்கள், அந்த மருந்து ஒளியில் சிதையும். செம்பு கலந்த மருந்துகள் உங்கள் தொட்டிக்கு ஆகவே ஆகாது. வேப்பிலைச் சாறும் மீனுக்கு நஞ்சாகக்கூடியது.

நோய் தீர்ந்த பின் பேச வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளவுன் லோச் ஓர் அடி வரை வளரக்கூடிய மீன். நான்குக்கு இந்தத் தொட்டி நெடுநாள் போதாது. நெருக்கமும் நோய்க்கு ஒரு வாசல்தான்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர் ஒருவர்): மருந்து போட்ட மூன்றாம் நாளே புள்ளிகள் முற்றாக மறைந்தன. நிறுத்திவிட்டேன். ஆறாம் நாள் முன்னைவிடப் பன்மடங்காக வந்துவிட்டது. மருந்து போலியா?

பதில்: மருந்தில் குற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. புள்ளிகள் எல்லாம் ஒன்றாக மறைந்த நாள், அவை வளர்ந்து முடிந்து கல்லுக்கு இறங்கிய நாள். மருந்து மிக அவசியமாகத் தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். உறைகள் திறந்து குஞ்சுகள் வந்தபோது நீரில் அவற்றைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. நாட்காட்டியை எடுத்து, கடைசிப் புள்ளியைக் கண்ட நாளில் ஒரு கோடிடுங்கள். அதிலிருந்து குறைந்தது ஏழு நாட்கள் மருத்துவம் தொடர வேண்டும். மொத்தமாக இரண்டு கிழமைக்குக் குறையக் கூடாது. இடையில் ஒரே ஒரு மீனின் வாலில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஆரம்பம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், பகலில் கண்ணுக்குத் தப்பும் புள்ளிகள் துடுப்பின் கண்ணாடித் தோலில் தனித்துத் தெரியும். அப்படிப் பார்க்கும்போது வெள்ளை மணிகளாக இல்லாமல் பொன்தூள் பூசியது போல மினுங்கினால் அது வேறோர் ஒட்டுண்ணி நோய். அதைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி (காத்தான்குடியிலிருந்து ஒரு தாய்): இந்த நோய் பிள்ளைகளுக்குத் தொற்றுமா? எங்கள் தொட்டியில் இறாலும் நத்தையும் கூட இருக்கின்றன.

பதில்: தொற்றாது, இந்த ஒட்டுண்ணிக்கு மீன் வேண்டும். அதனால்தான் இறாலையும் நத்தையையும் மீன் இல்லாத வேறொரு பாத்திரத்தில் பத்து நாட்கள் வைத்தால், அவற்றோடு ஒட்டி வந்த உறைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் பற்றிக்கொள்ள மீன் கிடைக்காமல் மடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அஞ்ச வேண்டியது மருந்துப் போத்தலை. போர்மலின் புற்றுநோயை உண்டாக்கும் பொருளின் கரைசல். மலகைட் கிரீன் உணவு மீனுக்குப் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. கையுறை போட்டு, யன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகள் நித்திரையான பிறகு எடுங்கள். மருந்து கலந்த நீரைக் கிணற்றடியிலோ வாவிக்குப் போகும் வடிகானிலோ ஊற்றாதீர்கள். பில்டரில் புதிய கரியைப் போட்டு இரண்டு மூன்று நாட்கள் ஓடவிட்டு, நிறம் போனபின் கிணற்றிலிருந்து தள்ளி வெறும் மண்ணில் ஊற்றுங்கள்.